புருவத்துத் தழும்பு

"அந்தத் தழும்ப மட்டும் அழிச்சிரு நிரோஷா."

சின்னம்மா சித்தி மறுபடியும் சொன்னாள். நிரோஷாவின் கை மவுஸிலேயே நின்றது.

லேப்டாப் திரையில் நாகலிங்கம் சித்தப்பா. ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போட்டுக்கொண்டு போகும் அதே சாயம் போன சட்டை. இடது புருவத்தைப் பிளந்துகொண்டு நெற்றிக்கு ஏறிய தழும்பு.

ஓவியப் பள்ளியில் கொடுத்த வேலைக்காக, போன மாதம் அவரை எதிரில் உட்காரவைத்து அவள் பென்சிலால் வரைந்த படம் அது. அதற்குப் பிறகு நெஞ்சு வலிக்குது என்று படுத்த மனுஷன் எழுந்திருக்கவே இல்லை. நாளைக்குக் கருமாதி.

படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி நிறம் கொடுத்தாயிற்று. ருவான்வெல்லை டவுனில் ஜவ்பர் நானா கடையைப் பூட்டுவதற்குள் பிரிண்ட் எடுத்து பிரேம் போடவேண்டும்.

"கோட் போட்டு விடவா சித்தி? எல்லாரும் அப்பிடித்தான் கேப்பாங்க."

"உசிரோட போடாதத செத்த பொறகு போட்டு என்னா ஆகப்போவுது? தழும்ப மட்டும் எடு."

வாசலில் நின்ற பக்கத்து வீட்டு விஜயகலாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இத்தன வருஷம் அந்த மூஞ்சிக்குத்தான சோறு போட்ட? இப்பத்தான் கூச்சம் வந்திச்சாக்கும்."

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விஜயகலா உதட்டைச் சுழித்துவிட்டுப் போய்விட்டாள்.

நிரோஷாவுக்கும் மனசுக்குள் அதே கேள்விதான்.

காலையில் பென்சில் வகுப்பு. 'கண்ணு முன்னால இருக்கிறத வரைங்க, உங்க இஷ்டத்துக்கு வரையாதீங்க' என்பார் மிஸ். மத்தியானம் கம்ப்யூட்டர் வகுப்பு. பரு, சுருக்கம், மச்சம் எல்லாவற்றையும் துடைத்தெடுக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். "காலையில போட்டத மத்தியானம் அழிக்கவா புள்ள அம்புட்டுத் தூரம் பஸ் ஏறிப் போற?" என்று கேலி செய்தவர் சித்தப்பாதான்.

"லேசா திரும்பி உக்காருங்க, தழும்பு தெரியாதுன்னு சொன்னேன் சித்தி. 'இருக்கட்டும் புள்ள, இருக்கிறத வரை'ன்னாரு."

"அவரு சொல்லுவாரு."

"மரத்துக் கெள முறிஞ்சு விழுந்த காயம்தான? அதுல என்னா வெக்கம்?"

சித்தி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

படம் மாட்ட ஆணி தேடிக்கொண்டு அப்பா ஸ்ரீதரன் உள்ளே வந்தார். "முடிஞ்சிச்சா?" என்றவர் திரையைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். ஆணியை எடுத்துக்கொண்டு பின்பக்கத்து அறைக்குப் போய்விட்டார்.

அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. செத்த வீட்டன்றும் கால்மாட்டிலேயேதான் நின்றார். தலைமாட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"இந்த வீட்டுல யாருக்குமே சித்தப்பா மூஞ்சி வேணாம் போல," என்றாள். கண்ணில் நீர் முட்டியது.

சித்தி எழுந்துபோய் பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரலைத் தணித்தாள்.

"கெள விழல நிரோஷா. நீ அப்ப தொட்டில் புள்ள. ஒங்கப்பாவுக்கு நல்ல வெறி. கையில பால் வெட்டுற கத்தி. எதுக்குச் சண்டன்னு கூட இப்ப ஞாபகம் இல்ல."

நிரோஷா திரும்பிப் பார்த்தாள்.

"ரத்தம் ஒழுக ஒழுக ஒஞ்சித்தப்பாதான் சொன்னாரு. 'கெள விழுந்திச்சுன்னு சொல்லிருங்க, இல்லாட்டி அண்ணன பொலிசு புடிச்சிரும்'னு. ஒங்கப்பா அன்னைக்கு விட்டதுதான் குடி. தம்பி மூஞ்சிய நேரா பாக்குறதையும் அன்னைக்கே விட்டுட்டாரு."

சாத்திய கதவுக்குப் பின்னால் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது.

"நாளைக்குக் கும்புடுறப்பவாவது ஒங்கப்பா நிமிந்து பாக்கட்டும்மா."