அம்மா இங்கதான் இருக்காங்க

அந்த அம்மாள் வாசலிலேயே மண்டியிட்டு வணக்கம் சொன்னதும் பெனினாவுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அறுபதை நெருங்குகிற பெண். முறைப்படி பெனினாதான் அவள் முன்னால் மண்டியிட வேண்டும். மகனுக்காக விலையைக் குறைக்கச் சொல்லித்தான் இத்தனை பணிவு என்று பெனினா நினைத்துக்கொண்டாள்.

மகன் முகிஷா, வெளியே காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். வெள்ளை பிரிமியோ. மூன்று வாரமாக அதன் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்ற அட்டை தொங்குகிறது. பார்க்க வந்தவர்களுக்கு ஒன்றும் குறைவில்லை. ஒருவன் டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் பாதி விலை சொன்னான். இன்னொருவன் டீயும் வறுத்த கடலையும் ஒரு கை பார்த்துவிட்டு, தனக்கு நீல நிறம்தான் ராசி என்று எழுந்து போனான். மூன்று தரகர்கள் ஒரே ஆளைத் தனித்தனியாகக் கூட்டி வந்து நிறுத்தினார்கள்.

பெனினாவுக்குச் சிரிக்கும் நிலைமை இல்லை. கணவர் செபுன்யா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். திங்கட்கிழமைக்குள் முன்பணம் கட்டினால்தான் ஆபரேஷன். இன்று சனிக்கிழமை. வீட்டில் விற்றுக் காசாக்க அந்தக் காரை விட்டால் வேறு எதுவும் கிடையாது.

முகிஷா விலையில் கஞ்சத்தனம் பண்ணவில்லை. தான் மேற்குப் பக்கத்து ஆள், லுகாண்டா சரளமாக வராது என்று சொல்லி எல்லாவற்றையும் இங்கிலீஷிலேயே பேசினான். காலையில்தான் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கினாளாம் அவன் அம்மா. அவளுக்கு அந்தப் பேச்சில் ஒரு சொல்லும் புரியவில்லை. துணி மூட்டையை அணைத்துக்கொண்டு இருவரையும் பார்த்துச் சிரித்தபடி நின்றாள்.

மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிட்டால் போதும், பணம் இன்றைக்கே கைக்கு வந்துவிடும் என்றான் முகிஷா.

பெனினாவின் தம்பி தலைப்பாடாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தான்: "சாவியைக் குடுத்தா நீயும் கார்ல ஏறி உக்காந்துடு அக்கா. எவன் என்ன சொன்னாலும் இறங்காதே." அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"தாராளமா வாங்க மேடம்," என்றான் முகிஷா. "அம்மாதான் பாவம், ராத்திரியெல்லாம் பஸ்ல வந்தவங்க. முழங்கால் வீங்கிக் கிடக்கு. பரவாயில்ல, வெளியில அந்த மரத்தடியில உக்காந்திருக்கட்டும்."

பெனினாவின் கால் நின்றுவிட்டது. வீடு தேடி வந்த பெரிய மனுஷிக்கு ஒரு வாய் சோறு போடாமல், வாசலைப் பூட்டி வெளியே உட்கார வைப்பதா? அடையாள அட்டையையாவது வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று வாய் வரை வந்தது. பெற்ற தாயையே விட்டுவிட்டுப் போகிறவனிடம் அதைக் கேட்க வெட்கமாக இருந்தது.

"என்ன பயம் மேடம்? அம்மா இங்கதான் இருக்காங்க," என்றான் அவன். சாவியை வாங்கிக்கொண்டான்.

சமைத்து வைத்த வாழைக்காயும் கடலைக் குழம்பும் இருந்தன. எவ்வளவு வற்புறுத்தியும் அந்த அம்மாள் சோபாவில் உட்காரவில்லை. அடுப்படி ஓரத்தில் பாயை விரித்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் தன் தட்டைக் கழுவினாள், பெனினாவின் தட்டைக் கழுவினாள், காலையிலிருந்து ஊறிக் கிடந்த பானையையும் இழுத்துப் போட்டுத் தேய்த்தாள்.

"நீங்க விருந்தாளிம்மா, வச்சிடுங்க," என்று பெனினா பதறினாள்.

"சும்மா உக்காந்து பழக்கமில்லம்மா," என்றாள் அவள், தட்டுத் தடுமாறிய லுகாண்டாவில்.

இப்படிப்பட்ட மாமியார் வாய்த்த மருமகள் கொடுத்து வைத்தவள் என்று பெனினா நினைத்தாள்.

ஒரு மணி நேரம் போனது, இரண்டு போனது. சனிக்கிழமை ஜின்ஜா ரோட்டில் வண்டி நகராது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். முகிஷாவின் போன் முதலில் அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு அணைந்துவிட்டது. தம்பியைக் கூப்பிடப் பயமாக இருந்தது. தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் கேட்டுக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து செபுன்யா கூப்பிட்டு, கார் விற்றதா என்று கேட்டார். வலியில் அவர் குரல் பாதியாகத்தான் வந்தது. மெக்கானிக்கிடம் போயிருக்கிறது, வாங்குகிறவரின் அம்மா நம் வீட்டில்தான் இருக்கிறார் என்றாள் பெனினா. "அப்ப சரி, பயமில்ல," என்று அவர் நிம்மதியாகப் போனை வைத்தார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மணி ஆறு. மகனைப் பற்றி அந்தத் தாயிடமே கேட்டுவிட வேண்டியதுதான். ஆனால் பெற்றவள் முகத்துக்கு நேரே அவள் பிள்ளையைச் சந்தேகப்படுவது எப்படி? வார்த்தைகளைத் தேடிக்கொண்டே பெனினா அடுப்படிப் பக்கம் போனாள்.

தரை துடைத்து மினுமினுவென்று இருந்தது. அந்த அம்மாள் மூட்டையை எடுத்துக்கொண்டு எதிரே வந்தாள். மறுபடியும் மண்டியிட்டாள். ஏதோ கேட்கத் தயங்குகிறவள் போலத் தரையையே பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா," என்றாள் பெனினா.

"வீட்டு வேலைக்குன்னு கூட்டிட்டு வந்துட்டு, நான் எங்க படுக்கணும்னு உங்க வீட்டுக்காரர் சொல்லாமலே காரை எடுத்துட்டுப் போயிட்டாரும்மா."