மேலிருந்து தேரடி வீதி

வேங்கிக்கால் ஓவியக் கண்காட்சியில், அந்தப் படத்தைப் பரிசுப் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னார் நடுவர் முருகவேல். பூக்கூடைகள், குடைகள், ஆட்டோ கூரைகள், மொட்டைத் தலைகள் என்று தேரடி வீதி முழுவதையும் உயரத்திலிருந்து பார்த்த மாதிரி வரைந்திருந்தாள் எழிலரசி.

"ட்ரோன் போட்டோவைப் பார்த்து வரைஞ்சதுக்கெல்லாம் பரிசு கிடையாதும்மா."

"நேர்ல பார்த்துதான் வரைஞ்சேன் சார்."

"எதுல போய்ப் பார்த்தே? ஹெலிகாப்டர்லயா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"சாரத்துல ஏறி சார். கோபுரத் திருப்பணியில நான் சித்தாளு."

முருகவேல் படத்தை மறுபடி பார்த்தார். "தலையில சட்டியோட இவ்ளோத்தையும் எப்படிம்மா கவனிச்சே?"

"ஏறும்போது குனிய முடியாது சார். காலிச் சட்டியோட இறங்கும்போதுதான் பார்ப்பேன்."

"அந்தக் கொஞ்ச நேரத்துலயா?"

"ஒரு நாளைக்கு நாப்பது தடவை இறங்குவேன் சார்."

முருகவேல் பட்டியலைத் திரும்ப வாங்கி, அவள் பெயரை முதலிடத்தில் எழுதினார்.