டெபியனா, ஆர்ச்சா?

"டெபியன்தான். முடிவு பண்ணிட்டேன்" என்றான் தென்னரசு, மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மலர்விழிக்குச் சுருக்கென்றது. "இன்னாண்ணா சொல்ற? நேத்து வரைக்கும் ஆர்ச்சுன்னுதான பேசிக்கினு இருந்தோம்?"

"நேத்து நேத்துதான். இன்னிக்கி இன்னிக்கிதான்."

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் தென்னரசு. ஓமந்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அரதப்பழசான கம்ப்யூட்டர்கள் இருபது இருந்தன. எந்த சிஸ்டத்தைப் போட்டாலும், திரை தெரிவதற்குள் பீரியட் முடிந்துவிடும். அந்தக் கிழங்கட்டைகளிலும் ஓடுகிற மாதிரி, விண்டோஸுக்குப் பதிலாகப் பொடிசாக ஒரு லினக்ஸ் சிஸ்டம் செய்ய இவர்கள் இருவரும் கிளம்பியிருந்தார்கள்.

அதற்கு டெபியன், ஆர்ச் என்று ஏற்கெனவே இருக்கிற லினக்ஸ் வகைகளில் ஒன்றை அஸ்திவாரமாக எடுத்து, வேண்டாததைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். ஆர்ச் என்ற அஸ்திவாரத்தின்மேல் ஆறு மாதமாக மாய்ந்து மாய்ந்து கழித்தவள் மலர்விழி. தென்னரசு செய்ததெல்லாம் தலையாட்டியதும் டீ வாங்கித் தந்ததும்தான்.

"காரணம் சொல்லுண்ணா. என்னுது சைஸ் பெருசா?"

"இல்ல. கச்சிதமா இருக்குது."

"ஸ்லோவா?"

"பறக்குது."

"அப்பறம் இன்னா?"

"ஆர்ச்சு தெனம் மாறிக்கினே இருக்கும் மலரு. வெவரம் தெரிஞ்ச ஆளு ஒண்ணு கூடவே நிக்கணும். டெபியன் அப்டி இல்ல. ஒருவாட்டி போட்டா, ரெண்டு மூணு வருசம் சிவனேன்னு கெடக்கும்."

"கூட நிக்கத்தான் நான் இருக்கறேனே?"

தென்னரசு மௌஸை உருட்டினான். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மலர்விழிக்குப் புரிந்துவிட்டது. பொறாமை. நாளைக்குப் பள்ளியில் எல்லாரும் மலர்விழி செய்த சிஸ்டம் என்று சொல்லிவிடுவார்களே, அந்த வயிற்றெரிச்சல். இதற்காக அவள் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கத் துணிந்தாள் என்று இந்த மனுஷனுக்குத் தெரியுமா?

"நேராவே கேக்கறேன். என்னைக் கழட்டி விடணும்னு பாக்கறியா?"

"ஆமா" என்றான் தென்னரசு.

பொய்க்காவது இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "இனிமே இந்தக் கடப் பக்கம் தலவெச்சிப் படுக்க மாட்டேன்."

"போறதுக்கு முன்னாடி இதப் பாத்துட்டுப் போ. இன்னும் சைஸக் கொறைக்கலாமான்னு நேத்து ஒன் சிஸ்டத்துல ஒவ்வொரு ஃபைலா தோண்டிக்கினு வந்தேன். தேவையில்லாதது ஒண்ணு மாட்டிச்சு."

மானிட்டரை அவள் பக்கம் திருப்பினான்.

மலர்விழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொந்த லேப்டாப்பிலேயே சிஸ்டத்தைக் கட்டியவள், அவசரத்தில் தன் ஃபோல்டர் ஒன்றையும் சேர்த்துக் கட்டிவிட்டிருந்தாள். அதில் இருந்த கடிதம் திரையில் பல்லை இளித்தது.

'ஐயா, தங்கள் பெங்களூர் அலுவலகத்தில் வேலை கொடுத்ததற்கு மிக்க நன்றி. ஆனால் இங்கே ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர்களை வாராவாரம் கவனிக்க என்னை விட்டால் ஆள் இல்லை. எனவே சேர இயலாத நிலையில் இருக்கிறேன். – மலர்விழி.'

"அனுப்பிட்டியா?" தென்னரசின் குரலில் முதல்முறையாகப் பதற்றம்.

"இல்லண்ணா. திங்கக்கெழம வரைக்கும் டைம் இருக்குது" என்றாள் தரையைப் பார்த்து.

அவன் நிம்மதியாக மூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

"எனக்கு டெபியன் மட்டுந்தான் மேய்க்கத் தெரியும். அத நான் பாத்துக்கறேன், நீ போய்ப் பொட்டியக் கட்டு."