முதல் வரி

இன்றைக்கு மட்டும் ஒன்பதாவது முறையாக, சிண்டாக்ஸ் எரர் என்று பச்சை எழுத்தில் வந்து நின்றது.

எண்பத்தொன்பதில் திருச்செங்கோட்டு ரிக் லாரிக்காரர்களில் முதல் ஆளாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் மயில்சாமி. அவருடைய பதினோரு லாரிகளும் எந்த ஊரில் போர்வெல் போடுகின்றன, எதில் எந்த டிரைவர் என்பதையெல்லாம் கட்டம் கட்டி மெஷினுக்குள் வைக்க வேண்டும். அந்தக் கட்டத்துக்கு டேபிள் என்று பேர். அதைச் செய்யத்தான் சூரமங்கலத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறாள் புஷ்பம்.

மூன்று நாளாயிற்று. டேபிள் வந்தபாடில்லை.

எதிர்க்கடை கந்தம்மாள் கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்திப் பார்த்துவிட்டுப் போய், அந்தப் புள்ளைக்கு ஏசியில் தூக்கம்தான் வருகிறது, வேலை வரவில்லை என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். தெருவும் நம்பிவிட்டது. மெஷினுக்காகப் போட்ட அந்த ஏசி மேல் தெருவுக்கு ஏற்கெனவே ஒரு வயிற்றெரிச்சல்.

தப்பு எந்த வரியில் என்று புஷ்பத்துக்கு முதல் நாளே தெரியும்.

முதல் வரி.

மயில்சாமி எதையும் பிள்ளையார் சுழி போடாமல் தொடங்கமாட்டார். மெஷினுக்குத் தமிழ் தெரியாது என்றதும், சுழி மாதிரியே இருக்கிற 2ஐ எல்லாவற்றுக்கும் மேலே அடிக்கச் சொன்னார். பிள்ளையார் கோபித்துக்கொள்ளமாட்டாராம். அடித்து முடிக்கும்வரை பக்கத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் மாட்டார்.

மெஷினோ அந்த 2ஐத் தாண்டி ஒரு வரிகூடப் படிக்கமாட்டேன் என்கிறது.

காற்புள்ளியை மாற்றினாள். அடைப்புக்குறியை மாற்றினாள். தப்பே இல்லாத இடங்களையெல்லாம் திருத்தினாள்.

சுழியை எடுத்துவிடலாம் என்று வேறு யார் சொல்லியிருந்தாலும் மயில்சாமி சிரித்துவிட்டு எடுக்கச் சொல்லியிருப்பார். அவளால் மட்டும் சொல்ல முடியாது.

சாயங்காலத்துக்குள் முடியாவிட்டால் மெஷின் கடைக்கே திரும்பிப் போகும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். மெஷின் போனால் அவளும் போக வேண்டியதுதான். அப்பா படுத்த படுக்கையான வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்தி.

மணி ஐந்து. கடைசியாக ஒருதரம்.

"பயப்படாத சாமி. உம்பட குலசாமிய ஒருக்கா நெனச்சுக்கிட்டு அடி" என்றார் மயில்சாமி, மனசார.

கண்ணை மூடினாள். வலது கை தானாக எழுந்து நெற்றியைத் தொட்டது. நெஞ்சுக்கு இறங்கியது. இடது தோளுக்குப் போகிற வழியில் திடுக்கிட்டு நின்றது. பிறகு சேலைத் தலைப்பை இழுத்துவிட வந்ததுபோல் இழுத்துவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த அன்று பேரின் முன்பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொன்னாள்; முழுப் பேர் மரியபுஷ்பம்.

மயில்சாமி கவனிக்கவில்லை. திரையின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் 2ஐ அடித்தாள்.