பயந்தாங்கொள்ளி அக்கா

“ஒரு மெழுகுவத்தி ஏத்த பயம். இவங்க நம்ம பிள்ளைங்களுக்கு அறிவியல் சொல்லித் தர்றாங்களாம்!”

பேக்கரிக்காரர் போட்ட சத்தத்தில் சிறுவர் மன்றத்துக் கூடமே திரும்பிப் பார்த்தது.

தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைந்ததும் தண்ணீர் உள்ளே ஏறும். அடுத்த தெரு மன்றத்தில் இதைச் செய்து காட்டிக் கைதட்டல் வாங்கிவிட்டார்கள். இங்கேயோ வாராவாரம் காந்தம், பலூன், எலுமிச்சம்பழத்தில் கம்பி.

சோதனை சொல்லித் தரும் அக்கா தலைகுனிந்து நின்றாள்.

“நெருப்புன்னா எனக்கு சின்ன வயசுலேர்ந்தே பயம்ண்ணே.”

பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். பயந்தாங்கொள்ளி அக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்ததே பேக்கரிக்காரரின் மகள்தான்.

“செயலாளர் சார், வேற ஆளைப் போடுங்க. இல்லேன்னா என் பொண்ணை நிறுத்திடறேன்.”

இன்னும் நாலு அப்பாக்கள் தலையாட்டினார்கள். ஆமாம் சாமி போட ஆளுக்கா பஞ்சம்?

“அடுத்த ஞாயித்துக்கிழமை முடிவு பண்ணிடலாம்” என்றார் செயலாளர்.

அக்கா சிதறிய இரும்புத்தூளைக் காகிதத்தில் கூட்டி எடுத்தாள். வாரம் முழுக்க அவள் காத்திருப்பதே இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான். அதுவும் போகப்போகிறது. பாவம், முகம் வாடிவிட்டது.

வியாழக்கிழமை பேக்கரி அடுப்பின் இரும்புக் கதவில் கீல் உடைந்தது. பேக்கரிக்காரர் கதவைத் தூக்கிக்கொண்டு வெல்டிங் பட்டறைக்கு ஓடினார்.

முகமூடி போட்ட ஆள் ஒருவர் குனிந்து பற்றவைத்துக்கொண்டிருந்தார். தீப்பொறி கொட்டுகொட்டென்று கொட்டியது. கையுறைமேல் தெறித்ததைக்கூட அவர் சட்டை செய்யவில்லை.

வேலை முடிந்து முகமூடி மேலே போனது. அக்கா!

பேக்கரிக்காரருக்குக் கோபம் வந்தது.

“நெருப்போட குடித்தனமே நடத்திக்கிட்டு, பயம்னு எங்க காதுல பூ சுத்தினீங்களா?”

அக்கா கதவை வாங்கிக் கீழே வைத்தாள்.

“நம்ம பிள்ளைங்கள்ல ஒண்ணு, இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி வீட்டுல தீப்பிடிச்சு அம்மாவைப் பறிகொடுத்திருக்குண்ணே. தீக்குச்சி உரசினாலே உடம்பு நடுங்கும். ‘யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா, கேலி பண்ணுவாங்க’ன்னு ஒரே அழுகை.”

“எந்தப் பிள்ளை?”

“அதை மட்டும் கேக்காதீங்க. தெரிஞ்சா நீங்க பாக்குற பார்வையே மாறிடும். கேலி பண்ண ஒரு ஆள் வேணும்னா, அது நானாவே இருந்துட்டுப் போறேன்.”

ஞாயிற்றுக்கிழமை. கூடம் நிறைந்திருந்தது. பேக்கரிக்காரரின் மகள் மெழுகுவத்தியோடு முன்வரிசையில் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

“என்ன சார், வேற ஆள் பாத்துடலாமா?” என்றார் செயலாளர்.

பேக்கரிக்காரர் எழுந்தார். மற்ற பிள்ளைகள் பக்கம் அவர் திரும்பவேயில்லை. எந்த முகம் என்று தெரிந்துவிடுமோ என்று பயம். மகள் கையிலிருந்த மெழுகுவத்தியை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“அக்காவே இருக்கட்டும் சார். இந்த மெழுகுவத்தியெல்லாம் வேணாம்.”

“ஏம்ப்பா? நீங்கதானே கேட்டீங்க?” என்றாள் மகள்.

இருபது வருஷமாக அடுப்பு முன்னால் நின்று கை காய்த்துப்போன மனிதர், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“எனக்கும் நெருப்புன்னா பயம்தாம்மா.”