கர்த்தருக்குக் கொடுத்த கரண்டு

ஞாயிறு ஆராதனை முடிந்து, மரச்சீனிக் கிழங்கும் சேவலும் போனபின் கரண்டு ஏலத்துக்கு வந்தது.

கரண்டைக் கையில் தூக்கிக் காட்ட முடியாது. அதனால் சபைப் பணியாளரான கோயில்பிள்ளை பொன்னுதாஸ் ஒரு பல்பைத் தூக்கிக் காட்டினார். ஒரு வீடு, ஒரு பல்பு, ஒரு மாதம்.

காணிக்கை வைத்தவர் ஜெயதாஸ். வெள்ளறடை மலையோர ஓடையில் சக்கரம் வைத்துப் பதினோரு வீட்டில் விளக்கெரிய வைத்தவர். கீழே பாறசாலைக்காரர்களுக்குப் பவர்கட் என்று குறைபடவாவது கொடுத்து வைத்திருந்தது. மலைக்கு மின்கம்பமே ஏறவில்லை.

ஓடையில் கரண்டு எடுப்பவர்களை ஊக்குவிக்க அந்த வருடம் அரசாணை வந்திருந்தது. எடுத்ததை விற்கலாம் என்ற ஆணைதான் வரவில்லை. உரிமம் இல்லாமல் விற்றால் வழக்கு, சக்கரம் பறிமுதல். ஊக்கம் அதுவரைக்கும்தான்.

எனவே ஜெயதாஸ் விற்கவில்லை. கர்த்தருக்குக் கொடுத்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருளைச் சபை ஏலம் விடும். சட்டத்துக்கு அங்கே என்ன வேலை?

வேலை இருக்கிறது என்று கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார் மின் ஆய்வாளர் ராஜதாஸ். மடியில் ரிப்போர்ட் புத்தகம், வாசலில் ஜீப். யாராவது ஒருவர் விலை கேட்டால் போதும். பெயரை எழுதிக்கொண்டு சக்கரத்தை ஏற்றிவிடலாம்.

பொன்னுதாஸ் பத்து ரூபாயில் தொடங்கினார். யாரும் வாய் திறக்கவில்லை. ஐந்துக்கு இறங்கினார். ஒருவர் இருமக்கூட இல்லை.

கர்த்தரின் பொருள் கேட்பாரில்லாமல் நின்ற சரித்திரமே அந்தச் சபைக்குக் கிடையாது. பதினோரு வீட்டுக்காரிகளில் ஒருவரான லீலாபாய் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

“கர்த்தருக்க பொருளாக்கும் மக்கா,” என்றார் பொன்னுதாஸ். “கேக்க ஒரு ஆளு இல்லியா? இதுக்குமேல எனக்கு எறக்க வய்யாது.”

“அம்பது,” என்றது ஒரு குரல்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ராஜதாஸும் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

மூன்று தரத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்து, பொன்னுதாஸ் பல்பைக் கொண்டுவந்து ரிப்போர்ட் புத்தகத்தின்மேல் வைத்தார்.

ராஜதாஸ் புத்தகத்தைத் திறந்தார். விற்றவர் என்ற இடத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது. வாங்கியவர் என்ற இடத்துக்கு வந்ததும் மூடியைப் போட்டுவிட்டார்.

ஜீப் ஒரு பல்போடு மலையிறங்கியது.

காரோடு என்ற ஊரில் ஒரு கோயில்பிள்ளை முப்பது வருடம் ஏலம் கூறினார். எந்தப் பொருளாவது கேட்பாரில்லாமல் நின்றால், முன்வரிசையில் இருக்கும் மகனைப் பார்ப்பார். மகன் உடனே விலை கேட்பான். அந்த மகன்தான் இப்போது மின் ஆய்வாளர் என்று ஜெயதாஸ் சனிக்கிழமை காலையிலேயே விசாரித்து அறிந்துகொண்டார்.

பிறகுதான் பதினோரு வீட்டுக்கும் நடந்து போய், நாளைக்கு யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார்.