அதிர்ச்சி அடைந்தவர்கள்

"மறுபடியும் எங்கேஜ்டு," என்று போனை மேசைமேல் வைத்தார் கொறடா. "காலையில ராஜினாமா பண்ணின மனுஷன், அப்பலேர்ந்து யார்கிட்டதான் பேசிட்டிருக்கார்?"

சட்டமன்றக் கட்சி அறையில் இருந்த மற்ற உறுப்பினர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

ராஜினாமா செய்தவர்மேல் பாலியல் புகார் கொடுத்தது, அவருடைய அலுவலகத்திலேயே தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண். உறுப்பினர் போனால் அவருடைய அலுவலக ஊழியர்களும் போக வேண்டும் என்பது விதி. ஆக, அவளுடைய வேலையும் இன்று மாலையோடு சரி.

வாசலில் கேமராக்கள் காத்திருந்தன. கட்சியின் கூட்டறிக்கை வருவதற்குள் அந்த மனிதர் எதையாவது உளறிவைக்கக் கூடாதே என்பது கொறடாவின் கவலை. உறுப்பினர்களைக் கட்டி மேய்ப்பதுதானே கொறடாவின் உத்தியோகம்.

"படிக்கிறேன், கேளுங்க. 'இன்று காலை செய்தி அறிந்து அதிர்ச்சி அடைந்தோம். பாதிக்கப்பட்ட சகோதரிக்குத் துணை நிற்போம்.' அவ்வளவுதான். கையெழுத்தைப் போடுங்க."

"'ஆழ்ந்த அதிர்ச்சி'ன்னு போடலாமேண்ணே," என்றார் பேராசிரியர்.

"மேலோட்டமா அதிர்ச்சி அடைஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?"

"வெறும் அதிர்ச்சின்னா எடுப்பா இல்ல."

'ஆழ்ந்த' சேர்ந்தது.

வக்கீல் பேனாவை மூடிவிட்டார். "'பாதிக்கப்பட்டதாகக் கூறப்படும் சகோதரி'ன்னு இருக்கணும். சட்டப்படி அதான் சரி."

"அப்ப, 'பாதிக்கப்பட்டதாகக் கூறப்படும் சகோதரிக்குத் துணை நிற்பதாகக் கூறப்படுகிறோம்'னு போட்டுடட்டுமா?"

வக்கீல் பேனாவைத் திறந்தார்.

"அது போகட்டும்," என்றார் கொறடா. "அந்தப் பொண்ணுக்கு வேலை போகுது. யாராவது ஒருத்தர் உங்க ஆபீஸ்ல எடுத்துக்குங்களேன். துணை நிற்போம்னு எழுதியிருக்கோம்."

"நிற்போம்னுதானேண்ணே எழுதியிருக்கோம்," என்றார் பேராசிரியர் மெதுவாக.

"நான் எடுத்து, நாளைக்கு எம்மேலயும் எழுதிக் கொடுத்துட்டா?" என்றார் வக்கீல்.

"எழுதிக் கொடுக்கற மாதிரி நடந்துக்குவீங்களா?"

"அதுக்கில்லண்ணே... ஒரு பேச்சுக்கு."

பஸ் முதலாளி தன் மனைவியைக் காரணம் காட்டினார். "நீங்களே எடுத்துக்கலாமே," என்று அவர் திருப்பிக் கேட்டதும் கொறடா செருமிக்கொண்டார். "நான் எடுத்தா கட்சியே எடுத்த மாதிரி ஆயிடும்ப்பா. அக்கா, உங்ககிட்ட எப்படி?"

எல்லாருக்கும் மூத்த உறுப்பினர் அவர். அதனால் எல்லாருக்கும் அக்கா. ஜன்னலோரம் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "எங்கிட்ட இடம் காலியில்ல தம்பி."

"சரி, கையெழுத்தாவது போடுங்க."

"போடல. எனக்கு அதிர்ச்சி ஒண்ணும் இல்ல."

கொறடா பேனாவை அவர் பக்கம் நீட்டினார். அதற்குள் அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

"பொம்பளையா இருந்துக்கிட்டு இப்படிச் சொன்னா எப்படி?" என்று பஸ் முதலாளி முணுமுணுத்தார்.

"அவரைக் கட்சிக்குக் கூட்டிட்டு வந்ததே அக்காதானே. விட்டுக் கொடுப்பாங்களா?" என்றார் வக்கீல்.

ஜன்னல் பக்கமிருந்து அக்காவின் குரல் அரைகுறையாகக் கேட்டது. "ஒண்ணும் ஆகாது... நீ பாட்டுக்குத் தலையை நிமிர்த்திட்டு வா. எவனாவது ஏதாவது கேட்டா என் பேரைச் சொல்லு."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். "வீட்டுக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்," என்று வராந்தாவுக்குப் போனார். வக்கீல் போட்டார்; அவருக்கும் அவசரமாக யாரிடமோ பேச வேண்டியிருந்தது. பஸ் முதலாளி போட்டார். போனைத் தேய்த்துக்கொண்டே போனார். வராந்தாவில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு குசுகுசுத்தார்கள்.

அக்கா பேசி முடித்ததும் கொறடா குத்தலாகக் கேட்டார்: "ஆறுதல் எல்லாம் சொல்லி முடிச்சாச்சாக்கா? லைனை விட்டீங்கன்னா நானும் அவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுவேன்."

அக்கா கைப்பையை மூடினார். "பேசு தம்பி. நல்லாப் பேசு," என்று கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

'என்ன பொம்பளை இவங்க' என்று அலுத்துக்கொண்டே கொறடா எண்ணை அழுத்தினார். எங்கேஜ்டு. இன்னொரு முறை. எங்கேஜ்டு. வராந்தாவிலிருந்து மூன்று பேரும் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் லைன் கிடைத்தது.

"சொல்லுங்கண்ணே," என்றது தழுதழுத்த குரல். "பேராசிரியர் பேசினார். வக்கீல் பேசினார். பஸ் முதலாளி அழுதே போயிட்டார். அறிக்கையைப் பெரிசா எடுத்துக்காதீங்க, ஊர் வாயை மூடறதுக்குத்தான்னு எல்லாரும் சொன்னாங்க. மனசுக்கு எவ்வளவு ஆறுதலா இருந்துது தெரியுமா."

அதையேதான் சொல்லலாம் என்று கொறடாவும் வாயெடுத்திருந்தார். விழுங்கிக்கொண்டு, "அக்காவும் ரொம்ப நேரம் பேசினாங்க போலிருக்கே?" என்றார்.

"அவங்களா? அந்தப் பேச்சையே எடுக்காதீங்கண்ணே. அந்தப் பொண்ணைக் கையைப் பிடிச்சு விசாரணைக் குழுவுக்குக் கூட்டிட்டுப் போனதே அவங்கதான். இன்னிக்குக் காலையில அவளைத் தன் ஆபீஸ்ல வேலைக்கும் சேர்த்துக்கிட்டாங்களாம். இத்தனை பேர் இருக்கற நம்ம கட்சியில, என்னைக் கைவிட்டது அக்கா ஒருத்தர்தாண்ணே."